பந்தாடிப் பிழைக்கலாமா?



கூடைப்பந்தைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் அதனால் உடல் வலிவு பெறும், ஒற்றுமை வளரும், கட்டுப்பாடு உண்டாகும் என்று தொடங்குவார்கள். அவையெல்லாம் உண்மையே. ஆயினும் இன்று நான் அவற்றைப் பேசப் போவதில்லை. கூடைப்பந்தையே தொழிலாகக் கொள்ளும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தொழில் என்ன தரும், எத்தனை ஆண்டு தரும், என்ன கேட்கும் என்பதே என் பேச்சின் பொருள். சற்றுக் கணக்குப் பார்ப்பது போலத்தான் இருக்கும். நான் வாழ்வது செட்டிநாடு. அங்கே கணக்குப் பார்ப்பது குற்றமன்று. பாராமல் இருப்பதே குற்றம்.

காரைக்குடி வட்டாரத்தில் பல ஆண்டுகள் பெண் குழந்தைகளுக்கு உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளை நீங்கள் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். ஒரு தெருவில் முகப்பு இருக்கும். பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். கூடைப்பந்துக் களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். அந்த வீடுகள் சிலவற்றினுள் ஒரு களத்தை அப்படியே வைத்துவிடலாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த வீட்டுப் பெண் மாலை ஐந்து மணிக்குப் பின் செம்மண் திடலில் ஆட வேண்டும் என்றால் அது வேடிக்கையாக இராது.

ஒரு மாணவி. பெயர் வேண்டாம். மாவட்ட அணிக்குத் தேர்வாகிவிட்டாள். வெளியூர் போக வேண்டும், மூன்று நாள் தங்க வேண்டும். அனுமதி கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் தந்தையர் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் இருந்த ஆயாதான் பேசினார்கள்.

“டீச்சரம்மா, பிள்ளை நல்லா ஓடுறா, எனக்கும் சந்தோசந்தான். ஓடி எங்கே போய்ச் சேருவா? அதைச் சொல்லுங்க.”

“அரசாங்க வேலைக்கு வழி இருக்கு ஆச்சி,” என்றேன்.

“வழி இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாக. யாரு போயிருக்கா?”

அந்த அம்மையார் கேட்டது பிற்போக்கான கேள்வி என்று நான் நினைக்கவில்லை. அவர்களுடைய வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறையாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள். பெட்டியடிப் பையனாகப் போகிறவன் அடுத்தாள் ஆவான், பிறகு ஏஜெண்டு ஆவான். மூன்றாண்டுக்கு என்ன சம்பளம் என்பது கப்பல் ஏறுமுன்பே தெரியும். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர், “யார் போயிருக்கிறார்கள்?” என்று கேட்டால், பெயர் சொல்லித்தான் பதில் தரவேண்டும். ஆகவே அந்தக் கேள்விக்கு உரிய பதிலையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் கூரைக்குள் ஆடத்தக்க ஆட்டம் ஒன்று வேண்டும் என்று இதை அமைத்தார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடியின் உயரம் பத்தடி. இன்றும் உலகெங்கும் வளையத்தின் உயரம் அதே பத்தடிதான். அடுத்த ஆண்டே, அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இதைப் பெண்களுக்குக் கற்பித்தார். பெண்கள் களைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் களத்தை மூன்று பகுதியாகக் கோடிட்டு, ஒருத்தி தன் பகுதியை விட்டு வெளியேறலாகாது என்று விதி செய்தார்கள். பிறர் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கவும் கூடாது. இந்தக் கோடுகள் எவ்வளவு காலம் நிலைத்தன என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பள்ளிகளில், பெண்கள் பாதிக் களத்தில் மட்டும் ஆடும் ஆறுபேர் ஆட்டம் 1993 வரை நடந்தது. ஓக்லஹோமாவில் 1995 வரை நடந்தது. நூறாண்டு! எங்கள் ஊர் இரண்டாங்கட்டை மட்டும் குறை சொல்வானேன்?

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த ஆட்டம் பரவியதில் அங்கே பயின்று சென்ற ஆசிரியர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பிற்காலத்தில் வள்ளல் அழகப்பர் அமைத்த கல்வி நகரில், எங்கள் காரைக்குடியிலேயே, உடற்கல்விக் கல்லூரி ஒன்று தோன்றியது. ஆகவே ஆட்டம் எங்களுக்குப் புதிதன்று. அதைத் தொழிலாகக் கொள்வதுதான் புதிது.

இனி, “யார் போயிருக்கிறார்கள்?” என்ற கேள்விக்கு வருவோம்.

அனிதா பால்துரை. சென்னையைச் சேர்ந்தவர். 1985-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தவர். 2000-ஆம் ஆண்டு முதல் 2017 வரை, பதினெட்டு ஆண்டுகள் இந்திய மகளிர் அணியில் இருந்தவர். அதன் தலைவியாகவும் விளங்கியவர். ஆசிய வாகையர் போட்டியில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண் என்று அவருக்குப் பெயர். தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கங்கள் பெற்றிருக்கிறார்.

இந்த எண்களைக் கேட்டுவிட்டுக் கைதட்டி நகர்ந்துவிடாதீர்கள். சற்று நின்று பாருங்கள். ஆசியப் போட்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது. ஒன்பது முறை தொடர்ந்து ஆட வேண்டுமானால் முதற்போட்டிக்கும் ஒன்பதாம் போட்டிக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். பள்ளி மாணவியின் வயதில் உள்ளே நுழைந்தவர், முப்பது வயது கடந்த பின்னும் தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு போட்டியிட்டு இடத்தைக் காத்திருக்கிறார் என்று பொருள். கூடைப்பந்தில் ஓட்டம் மட்டும் அன்று. ஒரு ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் நிற்பதும் திரும்புவதும் எகிறுவதும் உண்டு. அந்த அதிர்ச்சி முழுவதையும் கணுக்காலும் முழங்காலும் தாங்க வேண்டும். திறமையால் அணிக்குள் வந்துவிடலாம். பதினாறு ஆண்டு நிலைத்திருக்கத் திறமை மட்டும் போதாது. உறக்கம், உணவு, உடற்பயிற்சி, காயம் பட்டால் அவசரப்படாத பொறுமை ஆகியவை வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில் செய்யும் வேலை அது. எந்தப் பத்திரிகையும் அதைப் படம் பிடிப்பதில்லை.

அவருடைய வாழ்க்கையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி அந்தக் கடைசி ஆண்டு. தாய்மை அடைந்த பின் அவர் களத்துக்குத் திரும்பினார். நம் நாட்டில் ஆட்டக்காரிக்குத் திருமணம் நிச்சயமானால், “சரி, இனி விளையாட்டு போதும்” என்பதுதான் வழக்கம். குழந்தை பிறந்துவிட்டால் அதைச் சொல்லவும் வேண்டியதில்லை என்று விட்டுவிடுவார்கள். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் கஜகஸ்தானும் மோதின. 75-க்கு 73. இரண்டே புள்ளி, ஒரே ஒரு கூடை. இந்தியா வென்றது, முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அந்த அணியில் அனிதாவும் இருந்தார்.

2021 ஜனவரியில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 2019-இல், வாரணாசியைச் சேர்ந்த பிரசாந்தி சிங் அதே விருதைப் பெற்றிருந்தார். கிரிக்கெட்டும் பூப்பந்தும் நிறைந்த நாட்டில், கூடைப்பந்து ஆடும் பெண்கள் இருவரை அரசு இரண்டாண்டு இடைவெளியில் நினைத்தது சிறிய செய்தியன்று.

நல்லது, விருது வந்தது. சோறு எங்கிருந்து வந்தது? அந்த ஆச்சி கேட்டிருந்தால் அடுத்துக் கேட்கும் கேள்வி இதுதான்.

தென்னக ரெயில்வேயிலிருந்து வந்தது. அனிதா தென்னக ரெயில்வேயில் பணிபுரிபவராக இருந்தே இத்தனையும் ஆடினார். நம் நாட்டில் மகளிர் கூடைப்பந்துக்கு ஆண்டுதோறும் தவறாமல் நடந்து, ஆட்டக்காரிக்கு ஊதியம் தரும் தொழில்முறைப் போட்டித்தொடர் எதுவும் இன்னும் வேரூன்றவில்லை. ஆகையால் இந்தியாவில் ‘தொழில்முறை ஆட்டக்காரி’ என்றால், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்று, அந்த நிறுவனத்தின் அணிக்காக ஆடுபவர் என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். ரெயில்வே, வங்கிகள், காவல் துறை, பிற பொதுத்துறை நிறுவனங்கள் இப்படி ஆட்களை எடுக்கின்றன. இவற்றுள் பெண்களுக்குப் பெரிய வாசல் ரெயில்வேதான்.

அது நடக்கும் முறையையும் மாணவிகள் தெரிந்துகொள்வது நல்லது. மாநில அணிக்கோ பல்கலைக்கழக அணிக்கோ ஆடித் தகுதிச் சான்று பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். களத்தில் ஆட்டத் தேர்வு நடக்கும். படிப்புத் தகுதியும் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வைக் கைவிட்டுவிட்டுப் பந்தைக் கைப்பற்றியவளுக்கு இங்கே இடமில்லை. வேலை கிடைத்த பின் முதலில் அந்த மண்டல ரெயில்வேயின் அணிக்கு ஆட வேண்டும். மண்டலங்களுக்கு இடையே போட்டி உண்டு. அவற்றில் சிறந்தவர்களைத் திரட்டி இந்திய ரெயில்வே அணி தேசியப் போட்டிக்கு வரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரெயில்வே ஒரு தனி மாநிலம் போலவே தேசியப் போட்டியில் நிற்பதால், தமிழ்ப்பெண் ஒருத்தி தமிழ்நாட்டு அணியை எதிர்த்தே ஆடும்படி நேரும். சிறுவயதில் தன்னை வளர்த்த பயிற்சியாளர் எதிர்ப்பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் அவர் காலைத் தொட்டு வணங்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குச் சற்று முன்புதான் அவருடைய அணியை இருபது புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியிருப்பாள்!

இந்த ஏற்பாட்டைச் சிலர் ஏளனம் செய்வார்கள். “இது என்ன தொழில்முறை? குமாஸ்தா வேலைதானே!” என்பார்கள். நான் அவர்களோடு உடன்படுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் மகளிருக்கென்று தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் 1996-இல் அமைக்கப்பட்டு, 1997-இல் எட்டு அணிகளோடு ஆட்டம் தொடங்கியது. 2025-இல் பதின்மூன்று அணிகள் ஆடின. உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரிகள் கூடும் இடம் அது. அந்த ஆண்டில் ஒவ்வோர் அணியிலும் பன்னிரண்டு பேர் வரை இருந்தார்கள். ஆக, இடம் கிடைத்தோர் ஏறத்தாழ நூற்றைம்பது பேர்தாம். ஊதியம் எவ்வளவு? 2025-இல் மிக உயர்ந்த ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர்; குறைந்தது அறுபத்தாறாயிரம் டாலர் அளவு. நமக்கு அது பெருந்தொகை. ஆனால் அதே நாட்டில் ஆண்களுள் முதன்மையானவர் ஐந்து கோடி டாலருக்கு மேல் பெறுகிறார் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஊதியம் போதாமையால் அந்தப் பெண்கள் நெடுங்காலம் கோடையில் தம் நாட்டிலும், குளிர்காலத்தில் ருஷ்யாவிலும் துருக்கியிலும் சீனாவிலும் ஆடினார்கள். ஓய்வு என்பதே கிடையாது. டயானா டொராசி என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரிக்கு, 2015-இல், அவருடைய ருஷ்யக் கழகம், “நீங்கள் அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுங்கள், அதற்கும் பணம் தருகிறோம்” என்றது. அவரும் அந்த ஆண்டு சொந்த நாட்டில் ஆடவில்லை. சும்மா இருப்பதற்குக் கிடைத்த கூலி, ஆடுவதற்குக் கிடைக்கும் கூலியைவிட மிகுதி! பிரிட்னி கிரைனர் கதை இன்னும் கொடியது. ருஷ்யாவில் ஆடச் சென்றவர் 2022 பிப்ரவரியில் விமான நிலையத்தில், தம் பெட்டியில் கஞ்சா எண்ணெய் இருந்த குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். ஒன்பதாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். குற்றம் எதுவாயினும் ஆகுக. உலக வாகை சூடிய பெண் ஒருத்தி குளிர்காலந்தோறும் அவ்வளவு தொலைவு கூலிக்குப் போக வேண்டியிருந்தது என்பதையே நான் இங்குச் சுட்டுகிறேன்.

இப்போது தாய்மையைப் பற்றிய கணக்கு. அமெரிக்கச் சங்கத்தில், மகப்பேற்று விடுப்பில் முழு ஊதியம் என்ற விதி 2020-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் வந்தது. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரான பெண்ணுக்கு 180 நாள் முழு ஊதியத்தோடு மகப்பேற்று விடுப்பு 2008 முதலே உண்டு; குழந்தை வளர்ப்புக்கு வேறு விடுப்பும் உண்டு. ரெயில்வே ஆட்டக்காரிக்கும் இவை பொருந்தும். தாயான பின் திரும்பி வந்து ஆட ஒருத்திக்கு மனவுறுதி வேண்டும், மறுக்கவில்லை. அதோடு, ஆறு மாதம் வீட்டில் இருந்தால் வேலை போய்விடாது என்ற உறுதியும் வேண்டும். குமாஸ்தா நாற்காலி என்று ஏளனம் செய்யப்படும் அந்த நாற்காலிதான் அந்த உறுதியைத் தருகிறது.

இன்னொன்று. முப்பத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்துவிடும். பணி ஓய்வு வயது அறுபது. இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்! வெளிநாட்டு ஆட்டக்காரி அப்போதுதான், “இனி என்ன செய்வது?” என்று யோசிக்கத் தொடங்குகிறாள். இங்குள்ளவள் மறுநாள் காலை அலுவலகம் போகிறாள்.

ஆனால் பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடுவது முறையாகாது. செலவுப் பக்கமும் பெரிது.

கீது அன்னா ஜோஸ் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளத்தில் பிறந்தவர், அனிதா பிறந்த அதே ஆண்டு, அதே மாதம். அவரும் சென்னையில் தென்னக ரெயில்வேக்கு ஆடியவர். ஆறடிக்கு மேல் உயரம். 2006-இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று மெல்பர்ன் நகரத்து ரிங்வுட் கழகத்துக்கு ஆடினார். ஆஸ்திரேலியக் கழகம் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியப் பெண் அவரே. 2011-இல் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தைச் சேர்ந்த சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தன. மூன்று அணிகள்! சென்றார், ஆடினார், இடம் கிடைக்கவில்லை. 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

அவருக்கு இடம் கிடைக்காததற்கு அவரைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. அமெரிக்கப் பெண் கல்லூரியில் நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பெரிய ஆட்டங்களை ஆடிவிட்டுத்தான் தேர்வுக்கு வருகிறாள். 2025-இல் அங்கே ஓர் அணி ஒரே பருவத்தில் நாற்பத்து நான்கு ஆட்டங்கள் ஆடியது. நம் ஆட்டக்காரிக்கு ஆண்டில் கிடைப்பவை தேசியப் போட்டி, கூட்டமைப்புக் கோப்பை, துறைகளுக்கிடையேயான போட்டி, சில அழைப்புப் போட்டிகள். இவற்றிலும் தொடக்கச் சுற்றுகளில் எதிரணி மெலிந்ததாக இருக்கும். நெருக்கடியில், கடைசி அரை நிமிடத்தில், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும்போது பந்தை யாரிடம் கொடுப்பது என்பதைப் பயிற்சி முகாமில் கற்க முடியாது. அத்தகைய அரை நிமிடங்களை மீண்டும் மீண்டும் கடந்து வந்தவர்களுக்கே அது கைவரும். நாம் நம் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தோம், ஆட்டங்களைக் கொடுக்கவில்லை. 2017-இல் முதற்பிரிவுக்கு உயர்ந்த இந்தியா, 2019-லும் 2021-லும் எட்டு அணிகளுள் எட்டாவதாக நின்றதற்கு இது ஒரு பெருங்காரணம் என்பது என் கருத்து. சீனாவையும் ஜப்பானையும் ஆஸ்திரேலியாவையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை சந்தித்தால் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

வேலை கிடைத்தவுடன் சோர்ந்துவிடும் பெண்களும் உண்டு. இருபத்திரண்டு வயதில் நியமன உத்தரவு கைக்கு வந்ததும், அதுவே குறிக்கோளாக இருந்தவளுக்கு ஓடுவதற்குக் காரணம் தீர்ந்துபோகிறது. அனிதா போன்றவர் அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் ஓடினார் என்பதில்தான் அவருடைய தனித்தன்மையைக் காண்கிறேன்.

இனி, இந்த வழியில் இறங்க விரும்பும் மாணவிகளுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும். பெரிய உபதேசம் அன்று, கைவேலைக் குறிப்புகள்.

பந்தை முதலில் பாருங்கள். பெண்கள் ஆட வேண்டியது ஆறாம் எண் பந்து. ஆண்கள் ஆடுவது ஏழாம் எண்; அதைவிடப் பெரிது, கனமும் மிகுதி. பல பள்ளிகளில் ஒரே பந்துதான் இருக்கும். அது ஏழாம் எண் பந்தாகத்தான் இருக்கும். பன்னிரண்டு வயதுச் சிறுமி அதை வளையத்துக்கு எட்டவைக்கத் தோளைத் திருகி, இடுப்பை வளைத்து வீசிப் பழகிவிடுவாள். அந்தக் கோணலைப் பின்னால் திருத்த எனக்கு ஒவ்வொருத்திக்கும் ஓராண்டு பிடித்தது. தலைமையாசிரியரிடம் போய் ஆறாம் எண் பந்து வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து முழங்கால். மூட்டின் உள்ளே எலும்புகளைப் பிணைத்து நிற்கும் குறுக்குத் தசைநார் ஒன்று உண்டு. எகிறி இறங்கும்போதும், ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போதும் அது அறுந்துபோகக்கூடும். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக நேர்கிறது என்று விளையாட்டு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அறுந்தால் அறுவை மருத்துவம். களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகும். ஆனால் பெரிதும் தவிர்க்கக்கூடியது. குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடங்காமல், பாதத்துக்கு நேரே மடங்கப் பழக வேண்டும். தொடையின் பின்தசையை வலுப்படுத்த வேண்டும். நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும். கண்ணாடி முன் நின்று குதித்துப் பாருங்கள். உங்கள் முழங்கால் எப்படி மடங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, சான்றிதழ்கள். சிரிக்காதீர்கள். மாவட்டப் போட்டியில் ஆடிய சான்று, மாநிலப் போட்டியில் ஆடிய சான்று, எந்த ஆண்டு, எந்தச் சங்கம் நடத்தியது, முத்திரை உண்டா என்பவற்றை அன்றன்றே பார்த்து வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். ஆட்டத்தில் சிறந்தும், கடிதத்தில் ஒரு கையெழுத்து இல்லாமையால் வாய்ப்பிழந்த பெண்ணை நான் அறிவேன். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அங்கும் முதலில் பார்ப்பது தாள்களைத்தான். எந்தப் போட்டிக்கு எந்த வேலைக்கான தகுதி உண்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிக்கையை நீங்களே முழுவதும் படியுங்கள். பிறர் சொல்லக் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மகள் அனிதாவாக வருவாளா என்று என்னைக் கேட்டால் நான் விடை சொல்ல மாட்டேன். நாட்டில் இந்திய அணிக்கு ஒரு நேரத்தில் ஆடுவோர் பன்னிரண்டு பேர். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்குக் கீழே, ரெயில்வே மண்டலங்களிலும் வங்கிகளிலும் காவல் துறையிலும், பத்திரிகையில் பெயர் வராமல், ஆட்டத்தினால் வேலை பெற்று வாழும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அந்த இரண்டாம் வரிசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் சொன்ன அந்த மாணவி அந்த முறை வெளியூர்ப் போட்டிக்கு வந்தாள். ஆயாவே பேருந்து நிலையத்துக்கு வந்து, வழிச்செலவுக்கு ஒரு முடிச்சும், சீப்புச் சீடை ஒரு டப்பாவும் கொடுத்து அனுப்பினார்கள். அரையிறுதியில் தோற்றோம். மறுவாரம் ஆசிரியர் அறைக்கு வந்து, அடுத்த போட்டி எப்போது என்று கேட்டாள். தேதியை நான் சொன்னேன். தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மணி அடிக்குமுன் வகுப்புக்கு ஓடினாள்.